தடைப்பாதை ஓட்டம்: ஏறுற கால் இருக்கு, தொங்குற கைக்கு என்ன செய்யலாம்?

கொட்டகலை_ஓட்டம்

எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்டத்து விளையாட்டுக் கழகத்துல ஆறு பேர், நாலு பையன்களும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளும், தடைப்பாதை ஓட்டத்துக்குத் தயாராகுறாங்க. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில வர்ற தடை தாண்டல் இல்ல. சுவரும் கயிறும் ஏறி, தொங்கிக் கடந்து, வாளியும் மணல் மூட்டையும் சுமந்து, ஈட்டி எறிஞ்சு ஓடுறது. 21 கிலோமீற்றர், 30 தடை, ஸ்பார்ட்டன்ங்கிற போட்டித் தொடர்ல வர்ற பீஸ்ட் வகைக் கணக்கு. இன்னும் 16 கிழமை இருக்கு.

ஏத்தத்துல யாரும் பின்னுக்கு நிக்கிறதில்ல. ஆனா மங்கி பார்ல, அதான் மேல வரிசையா இருக்கிற கம்பியில கை மாத்தி மாத்தித் தொங்கிக் கடக்குறதுல, பாதி தூரத்துலயே கை விட்டுடுது. ஜிம் கிடையாது. கழகத்துக்கிட்ட ஒரு மைதானமும் கொஞ்சம் மரமும் பழைய பைப்பும்தான் இருக்கு. கைக்கு என்ன பயிற்சி, எதைக் கட்டலாம், மழைக்காலத்தை எப்படிச் சமாளிக்கிறது, இந்த மூணும் தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

பிடிமானம்

தம்பி, கை விடுறவங்கள்ல ரெண்டு வகை இருக்கு. காலையில களைப்பே இல்லாம வந்து தொங்குனாலும் விழுறவங்க ஒரு வகை. சும்மா தொங்குனா கடந்துடுவாங்க, ஏத்தம் ஓடி வந்து தொங்குனா விழுவாங்க, இது அடுத்த வகை. ரெண்டுக்கும் ஒரே பயிற்சி குடுத்தா யாருக்கும் பலன் வராது. அதனால முதல்ல சோதிச்சுப் பாருங்க. ஓய்வா இருக்கும்போது ரெண்டு கையாலயும் பார்ல தொங்க விட்டு நேரம் எடுங்க. 60 வினாடிக்குக் குறைஞ்சா முதல் வகை. அடுத்த நாள் நாலு நிமிஷம் செங்குத்து ஏத்தம் ஓட விட்டு, நிறுத்தாம அதே பார்ல தொங்கச் சொல்லுங்க. முந்தின நேரத்துல பாதிகூட வரலேன்னா ரெண்டாவது வகை.

விரலை மடக்குற தசை முன்கையில இருக்கு. இறுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் அந்தத் தசை தனக்கு வர்ற ரத்தக்குழாயைத் தானே நசுக்குது. ரத்தம் உள்ள வராது, கழிவு வெளிய போகாது. முன்கை கல்லு மாதிரி ஆகி விரல் தானா விரியும். அதனால தொங்கும்போது அதிக பலத்தோட இறுக்குறவன்தான் சீக்கிரம் விழுறான். விழாம இருக்கிற அளவுக்கு மட்டும் பிடிக்கப் பழகுறதே பாதி வேலை.

முதல் வகைக்கு ஆறு கிழமை. கிழமைக்கு மூணு நாள், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி. தன்னோட உச்ச நேரத்துல அறுபது சதவீதம் தொங்கணும், ரெண்டு நிமிஷம் ஓய்வு, இப்படி ஐந்து தடவை. கிழமைக்கு 5 வினாடி கூட்டலாம். மூணாவது கிழமையிலிருந்து ரெண்டு தடவையை மட்டும் பார் மேல ஈரத் துவாயைப் போட்டு, அதோட ரெண்டு முனையையும் பிடிச்சுத் தொங்கச் சொல்லுங்க. புல்-அப் ஒண்ணுகூட வராதவங்க ஸ்டூல் மேல ஏறி நாடியை பாருக்கு மேல வச்சு, 5 வினாடி எடுத்து மெதுவா இறங்கணும். 5 தடவை, மூணு சுற்று. ஆறு கிழமையில முதல் புல்-அப் பெரும்பாலும் வந்துடும்.

ரெண்டாவது வகைக்கு ஜிம் இருந்தாலும் உதவாது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) கீழ இருந்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) பக்கம் ஏறுற குறுக்குப் படிதான் அவங்களுக்கு ஜிம். மூணு நிமிஷம் ஏறணும், 20 வினாடி நடந்து மூச்சை இறக்கணும், உடனே பாரைக் கடக்கணும். நடந்து இறங்கி, மறுபடி. ஐந்து சுற்று. பார் படிக்கு மேல் முனையில இருக்கணும். மைதானத்துல பார் கட்டிட்டு படி அரைக் கிலோமீற்றர் தள்ளி இருந்தா, வர்றதுக்குள்ள இதயத்துடிப்பு இறங்கிடும், பயிற்சி கெட்டுடும்.

மலைமுயல்

பிடிமானம் அண்ணே சொல்றது சரி, ஆனா கணக்கையும் பார்க்கணும். 30 தடைக்குத் தலைக்கு ஒரு நிமிஷம்னு வச்சாக்கூட அரை மணித்தியாலம்தான். மிச்ச ரெண்டரை, மூணு மணித்தியாலமும் ஓட்டம். 16 கிழமையில கையையே பார்த்துக்கிட்டு ஓட்டத்தைக் குறைச்சா மொத்தத்துல நட்டம்தான்.

அதோட எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏத்தம் பிரச்சினையில்ல, இறக்கம்தான் பிரச்சினை. ஏறிட்டு நடந்து இறங்குறதே பழக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீளமாகிக்கிட்டே சுமை தாங்குது. அந்த மாதிரி வேலைதான் தசையை அதிகம் சேதப்படுத்தும். வலி அன்னைக்கு வராது, அடுத்த நாள், அதுக்கும் அடுத்த நாள்தான் வரும். ஆனா ஒரு தடவை அந்த வலி வந்து ஆறினா, அடுத்த சில கிழமைக்கு அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்யாது. அதனால ரெண்டு கிழமைக்கு ஒரு தடவை நீண்ட இறக்கத்தை ஓட்டமா இறங்கணும். தொடக்கம் 2 கிலோமீற்றர், பிறகு 4, பிறகு 6. காலடி குறுகலா, வேகமா, கால் இடுப்புக்கு நேர் கீழ விழணும். குதிகாலை முன்னால நீட்டி ஊனினா அது பிரேக் மாதிரி, முழங்காலுக்குக் கேடு. பார்வை காலடியில இல்லாம மூணு நாலு மீற்றர் முன்னால.

கவ்வாத்து வெட்டின மலைக்குள்ள இறங்கி ஓட விடாதீங்க. வெட்டின தேயிலைக் கட்டை ஈட்டி முனை மாதிரி நிக்கும். விழுந்தா தையல் போடுற காயம். கான் (வடிகால்) மேல பாயுற குறுக்குவழியும் வேண்டாம். புல் மூடின கான் மேலிருந்து தெரியாது.

பிடிமானம்

முயல் சொன்ன இறக்கம் முழுக்கச் சரி, அதை நான் முதல்லயே எழுதியிருக்கணும். ஆனா நிமிஷக் கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு. தோத்த தடைக்கு ஒரு நிமிஷம் இல்ல. ஸ்பார்ட்டன்ல பல காலமா 30 பர்பி, அதான் கீழ படுத்து எழுந்து குதிக்கிற பயிற்சி. ஒரு பர்பிக்கு 6, 7 வினாடி வச்சா மூணு, மூணரை நிமிஷம். இப்ப பல தடைக்குத் தண்டனைச் சுற்று ஓட விடுறாங்க, அதுவும் அதே அளவு நேரத்தைத் தின்னும். மூணு தடை தோத்தா பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை ஓட்டத்துல எடுக்கணும்னா 21 கிலோமீற்றருக்கும் கிலோமீற்றருக்கு அரை நிமிஷம் வேகம் கூடணும். 16 கிழமையில அது வராது. மூணு தடையைத் தோக்காம கடக்குறது வரும். இதுக்குள்ள இன்னொரு நட்டமும் இருக்கு. 90 பர்பி போட்ட தோளும் கையும் அடுத்த தொங்கு தடைக்கு மிஞ்சாது. ஒரு தோல்வி அடுத்த தோல்வியைக் கூட்டிக்கிட்டு வரும்.

அதனால ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லல. ஓட்டத்தோட முடிவுல கையை வைக்கச் சொல்றேன்.

ஆள் விழுறதுக்குப் பலம் குறைஞ்சது மட்டும் காரணமில்ல, தொங்குற முறையும்தான். உள்ளங்கை நடுவுல பாரை வச்சுப் பிடிக்காதீங்க, தோல் மடிஞ்சு கிழியும். விரல் தொடங்குற இடத்துல பார் இருக்கணும், விரல் நாலும் கொக்கி. தோள் காதைத் தொடுற மாதிரி தளர்ந்து தொங்காம, கொஞ்சம் கீழ இழுத்து வச்சிருக்கணும். முழங்கை கிட்டத்தட்ட நேரா. மடக்குன கையோட கடந்தா தோள்பட்டையும் முன்புயமும் தேவையில்லாம வேலை செய்யும். வளையம் வந்தா ஊசல்தான் வேலை செய்யணும். முன்னால ஆடி உச்சிக்குப் போற கணத்துல உடம்பு எடையே இல்லாத மாதிரி நிக்கும். அந்தக் கணத்துலதான் அடுத்த வளையத்தைப் பிடிக்கணும். பின்னால ஆடும்போது எட்டிப் பிடிக்கப் போனா முழு எடையும் ஒரு கையில விழும். ஊசல் செத்துப்போச்சுன்னா அவசரப்படாம, இடுப்பையும் காலையும் முன்ன பின்ன உதைச்சு ரெண்டு ஆட்டம் எடுத்துட்டு அப்புறம் போகலாம்.

ரிக் (பாரும் வளையமும் தொங்குற சட்டம்) கிட்ட ஓடி வந்தவுடனே பாயுறதை நிறுத்தச் சொல்லுங்க. 20 வினாடி நிக்கலாம். கையைக் கீழ தொங்கவிட்டு உதறணும், சேத்தைத் துடைக்கணும், எந்தப் பிடி எங்க இருக்குன்னு கண்ணால எண்ணணும், எந்தக் கை முதல்னு முடிவெடுக்கணும். 20 வினாடி குடுத்து மூணு நிமிஷம் மிச்சம் பிடிக்கிற வியாபாரம் இது.

மேசன்_நோர்வூட்

கட்டுறது பத்தி நான் எழுதுறேன். விழுந்து கை ஒடியுறது பெரும்பாலும் கட்டினவன் தப்பால.

மொதல்ல மரம். நிழலுக்கு நிக்கிற கிரவீலியா மரத்துல கயிறு கட்டித் தொங்காதீங்க. அந்தக் கிளை பலத்த காத்துக்கே ஒடியும். எந்த மரத்துல கயிறு கட்டுனாலும் மேல குளவிக்கூடு இருக்கான்னு பகல்ல சுத்தி வந்து பாருங்க. கயிறு ஆட்டுனா கூடு கலையும். மலையில குளவி கொட்டிச் செத்தவங்க இருக்காங்க, இதை யாரும் லேசா எடுக்கக் கூடாது. நிலத்துக்கும் மரத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கிட்ட எழுத்துல அனுமதி எடுங்க. மருந்தடிக்கிற நாள் எதுன்னும் அங்கயே கேட்டு வைங்க.

மங்கி பார்: யூக்கலிப்டஸ் கம்பம் ஆறு, 15 சென்றிமீற்றர் கனம், 3.6 மீற்றர் நீளம். 1.2 மீற்றர் மண்ணுக்குள்ள, 2.4 மீற்றர் மேல. சோடி சோடியா மூணு சோடி. சோடிக்குள்ள 1.2 மீற்றர் அகலம், சோடிக்குச் சோடி 2.5 மீற்றர். குழிக்கு அடியில 15 சென்றிமீற்றர் கல்லுச் சல்லி போடுங்க, தண்ணி வடியும். கம்பத்தைச் சுத்தி ஒரு பங்கு சீமெந்துக்கு மூணு மணல், ஆறு சல்லி கொங்கிரீட். மேல் மட்டம் மண்ணை விட உசரமா, வெளிப்பக்கம் சாய்வா இருக்கணும். அடியிலிருந்து மண்ணுக்கு மேல 30 சென்றிமீற்றர் வரைக்கும் தார் பூசுங்க. மரம் உக்குறது எப்பவும் மண்ணும் காத்தும் சேர்ற அந்த இடத்துலதான். மாசத்துக்கு ஒரு தடவை அலவாங்கு முனையால அங்க குத்திப் பாருங்க. மெத்துன்னு போனா கம்பத்தை மாத்தணும், ஒட்டு வேலை கூடாது.

நீளவாக்குல ரெண்டு பக்கமும் 5க்கு 2 அங்குலப் பலகை, படுக்க வைக்காம நிமித்தி வைக்கணும். கம்பத்தோட சேர்ற இடம் ஒவ்வொண்ணுலயும் 12 மில்லிமீற்றர் போல்ட் ரெண்டு, பெரிய வொஷரோட. ஆணி அடிச்சா மழையில மரம் ஊதி, வெயில்ல சுருங்கி, மூணு மாசத்துல ஆணி தானா வெளிய வரும்.

பாருக்கு ஒரு அங்குல ஜீ.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப். வெளி விட்டம் 33 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல வரும், பிடிக்கத் தோதான கனம். 1.3 மீற்றர் துண்டா வெட்டுங்க. 6 மீற்றர் பைப் ஒண்ணுல நாலு துண்டு. 45 சென்றிமீற்றருக்கு ஒண்ணு வச்சா 11 பார், மூணு பைப் போதும், ஒரு துண்டு மிஞ்சும். பலகையோட நடு உசரத்துல ஓட்டை போடுங்க. கீழ் விளிம்புல போட்டா பலகை அங்கயே பிளக்கும்.

நிறையப் பேர் விடுற தப்பு: பைப்பை ஓட்டையில சொருகிட்டு விட்டுடுறாங்க. அது உருளும். கொக்கி போட்ட கை பாரோட சேர்ந்து திரும்பி, ஆள் முதுகு அடிபட விழுவான். ஒவ்வொரு பைப்போட ஒரு முனையிலயும் பலகையையும் பைப்பையும் சேர்த்து 6 மில்லிமீற்றர் போல்ட் போட்டு இறுக்குங்க. போல்ட் தலை உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

கீழ மணல் 30 சென்றிமீற்றர், ரெண்டு பக்கமும் ஒன்றரை மீற்றர் வரைக்கும். மில்லுல மரத்தூள் சும்மா கிடைக்குதுன்னு போடாதீங்க. ரெண்டு மழைக்கு அது சகதியாகி அடியில கெட்டிப்படும். ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் தொங்கணும். ஆடுற ஆளோட இழுவை உடம்பு எடையில ரெண்டு மடங்கைக்கூடத் தாண்டலாம்.

மண்மேட்டை வெட்டி இடம் சமப்படுத்த வேண்டாம். கானை மறிக்கவும் வேண்டாம். தண்ணி போக வழியில்லாட்டி மேட்டு மண் இறங்கும், அதுக்குக் கீழதான் லயம் இருக்கும்.

கொட்டகலை_ஓட்டம்

மேசன் அண்ணே, ரொம்ப நன்றி. அளவு எல்லாம் எழுதி எடுத்துக்கிட்டோம். வாளி, மணல் மூட்டைக்கு எவ்வளவு எடை வைக்கலாம்? கயிறு என்ன வாங்குறது?

மேசன்_நோர்வூட்

20 லீற்றர் பெயிண்ட் வாளி எடுங்க. காய்ஞ்ச மணல் லீற்றருக்கு 1.6 கிலோ அளவு வரும், வாளி நிறைய 32 கிலோ. போட்டியில ஆம்பளைகளுக்கு 30ஐத் தாண்டியும் பொம்பளைகளுக்கு 20ஐத் தாண்டியும் வரும். அதனால பொம்பளைப் பிள்ளைகளுக்கு 14 லீற்றர் அளவுல கோடு போட்டு வைங்க, 22 கிலோ சொச்சம். மணல் நனைஞ்சா லீற்றருக்கு 2 கிலோகிட்ட போகும், அப்ப நிறைஞ்ச வாளி 40 கிலோ. மழை பெஞ்ச நாள்ல அப்படியே தூக்கிட்டு முதுகு பிடிச்சுக்கிட்டு வராதீங்க. மூடியைப் போட்டு ஒட்டிடுங்க. கைப்பிடிக் கம்பியைக் கழட்டிடுங்க, போட்டியில அடியில கை குடுத்து நெஞ்சோட அணைச்சுத்தான் தூக்கணும்.

மணல் மூட்டைக்கு வெறும் உரச்சாக்கைக் கழுவிக் காயவச்சு, உள்ள பொலித்தீன் ஒண்ணு போட்டு 16 லீற்றர் மணல். 25 கிலோ வரும். ரெண்டாவது சாக்குக்குள்ள தலைகீழா சொருகித் தைச்சா கிழியாது.

கயிறு 32 தொடக்கம் 38 மில்லிமீற்றர் கனம். தும்புக் கயிறு வேண்டாம், எங்க ஈரத்துக்கு உள்ளுக்குள்ளயே உக்கும், வெளிய பார்த்தா தெரியாது. வழுவழுன்னு இருக்கிற நைலோனும் வேண்டாம். மணிலா கிடைச்சா நல்லது, இல்லாட்டி முறுக்குன பொலிப்ரொப்பிலீன். கட்டுறதுக்கு ஒன்றரை மீற்றர், தரையில கிடக்க ஒரு மீற்றர் கூட்டி வாங்குங்க.

பிடிமானம்

கயிறு ஏறுறதைப் பத்தி. கையால இழுத்து ஏறப் பார்த்தா ஒரு தடவை முடியும், 15ஆவது கிலோமீற்றர்ல முடியாது. ஏறவேண்டியது காலால. கயிறு வலது காலுக்கு வெளிப்பக்கமா இறங்கி, பாதத்துக்கு அடியில வந்து, இடது காலுக்கு உள்பக்கம் மேல வரணும். இடது பாதத்தால அதை வலது பாதத்து மேல மிதிச்சு அழுத்துனா பூட்டு விழும். பூட்டு விழுந்தா ரெண்டு கையையும் தளர்த்தி அதுலயே எழுந்து நிக்கலாம். முழங்காலை நெஞ்சு வரைக்கும் தூக்கி, பூட்டி, எழுந்து நின்னு, கையை மாத்தணும். போட்டிக் கயிறு 5 மீற்றர் அளவுல வரும், நாலு அஞ்சு தடவையில மணி அடிக்கலாம். இதை உசரத்துல படிக்க வேண்டாம். கயிறைத் தாழக் கட்டி, கதிரையில உட்கார்ந்துக்கிட்டே ஐம்பது தடவை பூட்டிப் பூட்டி எழுந்து நிக்கணும். பிறகு சேறு பூசின சப்பாத்தோட அதே ஐம்பது. இறங்கும்போது கையால வழுக்கி வரக்கூடாது, உள்ளங்கை வெந்துடும், அடுத்து வர்ற எந்தப் பிடியும் நிக்காது.

ஈட்டிக்கு 8 தொடக்கம் 10 மீற்றர், ஒரே ஒரு வீச்சு. வைக்கோல் கட்டு கிடைக்காட்டி காய்ஞ்ச மானாப்புல்லை இறுக்கிக் கட்டி, 60 சென்றிமீற்றர் அகலத்துல வைங்க. ஈட்டியை விரல் மேல படுக்க வச்சு எங்க சமமா நிக்குதுன்னு பாருங்க, அதுக்கு இரண்டு விரல் பின்னால பிடிக்கணும். ஈட்டி முனை கொஞ்சம் கீழ சாய்ஞ்சு பறக்கும், குத்தி நிக்கும். சமநிலைக்கு முன்னால பிடிச்சா வால் தாழ்ந்து, மட்டமா மோதித் திரும்பும். போட்டி ஈட்டியில கயிறு கட்டியிருப்பாங்க. வீசுறதுக்கு முன்ன அதைச் சிக்கெடுத்துத் தரையில விரிக்கணும், மேல கால் வைக்கக் கூடாது. நல்ல வீச்சு கெட்டுப்போறது பாதி நேரம் இதனாலதான். நாளைக்கு பத்து வீச்சு போதும், ஆனா ஒவ்வொண்ணும் ஓடி வந்து மூச்சு வாங்குற நிலையில.

ஊவாக்காரி

உடலைப் பற்றிச் சில விடயங்கள். இவற்றைத் தவறவிட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

தசை மூன்று நான்கு கிழமையில் பலப்படும். தசைநாண் அந்த வேகத்தில் பலப்படாது, மாதங்கள் எடுக்கும். ஆகவே இரண்டாவது மாதத்தில்தான் ஆபத்து. கை பலமாக இருப்பதுபோல் தோன்றும், பயிற்சியைக் கூட்டுவார்கள், முழங்கையின் உட்பக்க எலும்பு முனையில் வலி தொடங்கும். போத்தல் மூடி திறக்கும்போதோ வாளி தூக்கும்போதோ அங்கே வலித்தால் தொங்கும் பயிற்சியைப் பத்து நாள் நிறுத்துங்கள். பிறகு ஒரு கிலோ எடையை உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்து, மறுகையால் மணிக்கட்டை மேலே மடக்கிவிட்டு, நான்கு வினாடி எடுத்து மெதுவாகத் தாழ்த்தவும். 15 தடவை, மூன்று சுற்று. வலியோடு தொடர்ந்தால் மாதக்கணக்கில் நிற்கவேண்டி வரும்.

உள்ளங்கைக் காய்ப்பு உயர்ந்து நின்றால் அதுவே கிழியும் இடம். குளித்த பின் தோல் மெத்தென்று இருக்கும்போது நுரைக்கல்லால் சமமாகத் தேயுங்கள். வெட்டாதீர்கள்.

சேற்றுக்குழி அமைப்பதாக இருந்தால் இடத்தை நன்றாக யோசியுங்கள். மரக்கறித் தோட்டத்துக்குக் கீழேயும் லயத்துக் கான் விழும் இடத்திலும் வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரால் அசுத்தமான நீரிலும் சேற்றிலும் இருக்கும், சிறு கீறல் வழியாகவும் கண் வழியாகவும் புகும். சேற்றில் இறங்கி ஒன்று இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், சேற்றில் இறங்கியதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால் வைத்தியரின் கவனம் சரியான பக்கம் திரும்பும். தடுப்பு மாத்திரை தேவையா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள், தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். துருப்பிடித்த பைப்போடு வேலை செய்வதால் ஏற்புத்தடை (டெட்டனஸ்) ஊசி போட்டிருக்கிறதா என்றும் ஆறு பேரிடமும் பாருங்கள்.

அட்டைக்கு: காலுறையின் மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு ஓடினால் கொஞ்ச நேரம் தாங்கும். கடித்ததைப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுக்கவும்.

சாப்பாடு: மூன்று மணித்தியால ஓட்டத்துக்கு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கிறது. ஜீவனிப் பக்கற்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் குடித்தால் உப்பு ஈடாகும், ஆனால் அதிலுள்ள குளுக்கோஸ் வயிற்றோட்டத்துக்கு அளந்தது, ஓடுவதற்கான சக்திக்குப் போதாது. ஆகவே ஜீவனியோடு வாழைப்பழமோ கித்துள் கருப்பட்டித் துண்டோ சேரட்டும். பாக்கை விடச் சிறிதாக உடைத்த கருப்பட்டியைச் சேற்றுக்கை படாமல் சிறு பைகளில் கட்டி வையுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதற்காக வெறும் நீரை அளவின்றிக் குடிப்பதும் தவறு, இரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவு, தாகத்தைப் பார்த்துக் கூட்டலாம்.

அக்கரப்பத்தனை_தங்கச்சி

ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள் இருக்காங்கன்னு போட்டிருந்தீங்க. பொதுவா சுவர் பத்திக் கேட்பாங்க, அதனால எழுதுறேன். 8 அடிச் சுவர்னா 2.4 மீற்றர். 155 சென்றிமீற்றர் உசரம் உள்ள ஒருத்தி கையைத் தூக்கினா விளிம்பு எட்டாது. நின்ன இடத்துல குதிச்சாலும் நுனி விரல்தான் படும். அதனால ஓட்டம் வேணும், நாலு அஞ்சு காலடி. கடைசிக் காலடி சுவருக்கு ஒரு கை நீளம் முன்னால. ஒரு கால் சுவர்ல இடுப்பு உசரத்துல படணும், சுவரை முன்னால உதைக்காம கீழ் நோக்கி மிதிக்கணும். முன்னால உதைச்சா சுவரே உங்களைத் தள்ளிவிடும். மிதிச்ச வேகத்துல ரெண்டு கையும் விளிம்புல விழும். அங்க நேரே புல்-அப் இழுக்க வேண்டாம். பக்கவாட்டுல ஆடி ஒரு குதிகாலை விளிம்புல கொக்கி போடணும், பிறகு முழங்கையை மேல போட்டு வயித்தால உருளணும். இறங்கும்போது தொங்கிட்டுத்தான் விடணும். மேலிருந்து பாய்ஞ்சா கணுக்கால் போகும்.

பயிற்சிக்குத் தோட்டத்துக் கல்லுக்கட்டு இருக்கேன்னு அதுல ஏறாதீங்க. அந்தக் கல் மண்ணைத் தாங்கத்தான் அடுக்கினது, விளிம்புக் கல் கழண்டு ஆளோட வரும். 5 அடியில ஒரு பலகைச் சுவர், அது வந்த பிறகு 6, 7ன்னு பலகை கூட்டுங்க.

மலைமுயல்

சப்பாத்து பத்தி யாரும் எழுதல. அடியில 5, 6 மில்லிமீற்றர் பல் இருக்கணும், மேல்துணி தண்ணியைப் பிடிச்சு வைக்காம வடிய விடணும். கால்பந்துச் சப்பாத்து சேத்துல நல்லாப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனா ஈரப் பலகையிலயும் சீமெந்துப் படியிலயும் சறுக்கும், 15 கிலோமீற்றருக்கு மேல உள்ளங்கால் எரியும். புல்லும் சேறுமான பயிற்சிக்கு மட்டும் அதை வைக்கலாம். பருத்தி மேஸ் (காலுறை) போடாதீங்க, நனைஞ்சா மடிஞ்சு கொப்புளம். பருத்தி ரீசேட்டும் அதே கதை. நுவரெலியா பக்கம் 1,868 மீற்றர் உசரத்துல தண்ணிக்குள்ள முங்கி எழுந்து காத்துல நின்னா, பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். குளிர்ந்த விரல் மடங்காது. கைப்பிடி தோக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மழை: மே தொடக்கம் செப்ரெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவம், ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம்தான் கொட்டும். அந்த நேரம் பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் ஓரளவு காய்ஞ்சு கிடக்கும். டிசம்பர்லயிருந்து பதுளைப் பக்கம் மாறிடும். நீண்ட ஓட்டத்துக்கு மாசத்துல ஒரு தடவை ரயில் ஏறி மறுபக்கம் போகலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்க பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டா, எந்த நிறமா இருந்தாலும் அன்னைக்குச் சரிவுல ஓட்டமில்ல. மைதானத்துல தொங்குங்க.

விடியக்காலையில தனியா தேயிலைக்குள்ள ஓட விடாதீங்க. சிறுத்தை நடமாடுற நேரம். ரெண்டு மூணு பேரா, சத்தம் போட்டுக்கிட்டு.

கொட்டகலை_ஓட்டம்

எல்லாத்தையும் ஒரு கிழமைக்குள்ள எப்படி அடுக்குறது? அதோட வேற போட்டியில கையில பட்டி கட்டுறாங்கன்னு கேள்விப்பட்டோம், அது என்ன?

பிடிமானம்

கிழமைக்கு ஐந்து நாள் பயிற்சி, ரெண்டு நாள் ஓய்வு. செவ்வாய்: ஏறி வந்து தொங்குறது, ஐந்து சுற்று. புதன்: பேசிக்கிட்டே ஓடக்கூடிய வேகத்துல 8 கிலோமீற்றர், முடிவுல ஈட்டி பத்து. வியாழன்: தொங்கு நேரமும் புல்-அப்பும், முதல் வகைக்காரங்க அதிகமா, மத்தவங்க பாதி. சனி: வாளி 400 மீற்றர் ஏத்தமும் இறக்கமுமா, மூட்டை 400 மீற்றர், நடுவுல ஒரு கிலோமீற்றர் ஓட்டம், நாலு சுற்று. ஞாயிறு: நீண்ட ஓட்டம், 10 கிலோமீற்றர்ல தொடங்கி பன்னிரண்டாவது கிழமையில 20. முதல் வகைக்காரங்களுக்கு தொங்குற மூணாவது நாள் ஞாயிறு ஓட்டம் முடிஞ்சு, பத்து நிமிஷம் மட்டும். நாலு கிழமைக்கு ஒரு தடவை எல்லாத்தையும் மூணுல ஒரு பங்கு குறைக்கணும். வேலை நாள் கொழுந்து மூட்டை சுமக்கிறவங்க குழுவுல இருந்தா அவங்களுக்கு சனிக்கிழமைச் சுமை வேண்டாம். அந்த உடம்பு ஏற்கனவே சுமந்துட்டு வந்திருக்கு, ஓய்வு குடுங்க.

முதல் எட்டு கிழமையில போட்டி மாதிரி ஒத்திகை வேண்டாம். ஒன்பது, பதினொண்ணு, பதின்மூணாவது கிழமையில மட்டும் 10 தடை, 12 கிலோமீற்றர், தோத்தா 30 பர்பி.

பட்டி விஷயம். 2014ல தொடங்கின தடைப்பாதை உலக சாம்பியன்ஷிப்ல பர்பி கிடையாது. தொடங்கும்போது மணிக்கட்டுல ஒரு பட்டி. தோத்தா அதே தடையை எத்தனை தடவையும் திரும்ப முயற்சிக்கலாம், விட்டுட்டுப் போனா பட்டியைக் கழட்டிக் குடுக்கணும். பட்டியோட முடிச்சவங்களுக்குப் பின்னாலதான் பட்டி இல்லாதவங்க வரிசை. அங்க ஒரே ஒரு பலவீனமான தடை முழுப் போட்டியையும் எடுத்துக்கும். அதனால நீங்க பதிவு செய்யப் போற போட்டியோட விதியை முதல்ல வாசிச்சுட்டு, கைக்கு எத்தனை நாள்னு முடிவெடுங்க. குறுகிய வடிவமும் இருக்கு. 2019ல பிலிப்பைன்ஸ்ல நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில 100 மீற்றர் தடைப்பாதை இருந்துச்சு. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல நவீன ஐந்தம்சப் போட்டியில குதிரைச் சவாரிக்குப் பதிலா தடைப்பாதை வருது. வேகமும் பாய்ச்சலும் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தையும் காட்டி வைங்க, அதுக்கு 21 கிலோமீற்றர் ஓடத் தேவையில்ல.

கொட்டகலை_ஓட்டம்

கடைசியா ஒண்ணு. போட்டிக்கு முந்தின ஞாயிறு நல்லதண்ணிப் பக்கமா சிவனொளிபாதமலை ஏறி ஓடி இறங்கலாம்னு பையன்கள் சொல்றாங்க. சரியா?

மலைமுயல்

வேண்டாம் தம்பி. 5,000க்கு மேல படி, கிட்டத்தட்ட 1,000 மீற்றர் இறக்கம். ஒரு கிழமைக்குள்ள தொடை ஆறாது. போட்டிக்கு மூணு கிழமை முன்ன போங்க, அது பாதுகாப்பாவும் ஆகும், மனசுக்கும் நல்லது. யாத்திரைப் பருவகாலமா இருந்தா இறக்கத்துலயும் நடந்துதான் வரணும். வயசானவங்களும் குழந்தைகளும் ராத்திரி முழுக்க ஏறி வர்ற படி, அங்க ஓட்டப் பயிற்சி கூடாது. கைப்பிடிக் கம்பியில தொங்கவும் வேண்டாம். கடைசிக் கிழமையில 5 கிலோமீற்றர் லேசா ரெண்டு தடவை, ஈட்டி தினம் ஐந்து. தொங்குறதைப் போட்டிக்கு நாலு நாள் முன்னமே நிறுத்திடுங்க, தோல் ஆறட்டும்.